இது எந்தச் சேவல்?

குமாரபாளையத்தில் நாய், பூனை, மாடு படம் வரைந்து கொடுப்பவர்களுக்கு இப்போது வேலை வருவது வாட்ஸ்அப் வழியாகத்தான். தறிச் சத்தம் ஓயாத தெருவில் உட்கார்ந்திருக்கும்போது நாலைந்து புகைப்படங்கள் வந்து விழும். பின்னாலேயே ஒரு குரல் பதிவும் வரும். "இடது காது நுனி கொஞ்சம் மடங்கியிருக்கோணுங்க. நெஞ்சுல வெள்ளை இருக்குதுங்களே, அதை மறந்துறாதீங்க." அதே மேசையில் பாதி முடிந்த புலிப் படம் ஒன்றும் இருக்கும், ஏதோ ஒரு கடைக்கோ பள்ளிச் சுவருக்கோ கேட்டது. அந்தப் புலியின் காதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. கோடு இருந்தால் போதும், அது புலி. நாய்க்கு அது போதாது. அது அந்த நாயாகவே இருந்தாக வேண்டும்.

விலங்கை வரைகிறவர் முன்னால் எப்போதும் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. ஒன்று, இது என்ன விலங்கு? மற்றது, இது எந்த விலங்கு? முதல் கேள்விக்கு இனம் தெரிந்தால் போதும். இரண்டாவதற்குப் பழகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த இரண்டாவது கேள்வி அண்மையில் வந்த மோகம் என்று பலர் நினைக்கிறார்கள். நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுவதோடு சேர்த்து அதையும் நகரத்து நாகரிகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கல்லில் இருக்கும் சான்றுகள் வேறு கதை சொல்கின்றன.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. காலம் ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டு. நடுகல் என்றதும் வாளோ வில்லோ பிடித்த வீரன் நினைவுக்கு வருவான். இந்தக் கல்லில் வீரன் இல்லை, சேவல் இருக்கிறது. சண்டைக்கு நிற்கும் சேவல். முகையூர் மேற்சேரியின் கோழி அது என்று பக்கத்தில் எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சேவலையும் கோழி என்றே சொல்வார்கள். இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல்லில் கீழ்ச்சேரியின் சேவல் வருகிறது. அதற்குப் பேரும் உண்டு: பொற்கொற்றி. சேவல் கட்டில் செத்துப்போன ஒரு பறவைக்காக ஒரு சேரியே கூடிக் கல் எடுத்து, உருவம் வெட்டி, பேர் பொறித்து நட்டிருக்கிறது. சேரி என்ற சொல் அன்று குடியிருப்புப் பகுதியைத்தான் குறித்தது. இந்தச் சேவல்கள் ஊரின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமான மானத்தைச் சுமந்தவை. எந்தச் சேவல் என்று கேட்டால் அந்தக் கற்கள் இன்றைக்கும் பதில் சொல்லும்.

நாய்க்கும் இப்படி ஒரு கல் உண்டு. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்க் கல் அது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், 7-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவகத்தி என்பவன் இறந்தான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. நாய்க்கெனத் தனியாக ஒரு வாசகமும் உண்டு. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்ற செய்தியை அது சொல்கிறது. அந்தச் சிற்பி இதை எவ்வளவு பொறுப்போடு செய்திருக்கிறார் என்பது யோசித்தால் புரியும். கல்லில் இடம் குறைவு. எழுத்தைப் பாறையில் வெட்டுவது லேசான வேலையும் இல்லை. இருந்தும் நாயின் பேர், அது செய்த காரியம், கடித்த கள்ளர்களின் எண்ணிக்கை எல்லாம் இடம்பெற்றுவிட்டன. தமிழில் வளர்ப்பு நாய் ஒன்றின் உருவப்படம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் கோவிவனைக் காட்டலாம்.

சேலம் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல் இதற்கு எதிர்ப்புறமாக நிற்கிறது. கருவந்துறையில் எருது விளையாட்டில் இறந்த சங்கன் என்பவனுக்கு அவன் மகன் எடுத்தது அது. காலம் ஏறத்தாழ 16-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஏறுதழுவலின் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் இந்தக் கல்லும் பேச்சில் வரும். அதில் மனிதனின் பேர் இருக்கிறது. காளைக்குப் பேர் இல்லை. கொங்கு நாட்டுப் புலிகுத்திக் கற்களும் இதே வகைதான். பட்டியில் புகுந்த புலியோடு மோதியவன் ஈட்டியோடு நிற்பான், புலி பின்னங்கால்களை ஊன்றி எழும்பி நிற்கும். புலிக்கு வாலும் வாயும் இருந்தால் சிற்பிக்குப் போதும். அது பகை. பகையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பழகிய விலங்குக்குக் கொங்கு நாட்டார் வைத்திருக்கும் சொற்களைப் பார்த்தால், அவர்கள் கண் எவ்வளவு கூர்மையாக வேலை செய்தது என்பது தெரியும். மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று காங்கேயம் மாட்டின் நிறங்களுக்கே தனித்தனிப் பேர். சந்தைக்குப் போனால் மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். எந்தச் சுழி எங்கே இருக்கிறது என்பதைக் கை தடவிக் கண்டுபிடிக்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். காவிரிக்கு அந்தப் பக்கம், குமாரபாளையத்திலிருந்து பவானி வழியாகப் போனால் வரும் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழா. அதையொட்டிக் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. அந்த மலை மாடுகளுக்குச் செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் இறைந்து கிடக்கும். செம்மறை என்று சொல்வார்கள். ஒரு மாட்டின் திட்டு இன்னொன்றுக்கு இருக்காது. பட்டிக்காரர் தூரத்திலிருந்தே திட்டைப் பார்த்து மாட்டை அடையாளம் சொல்வார்.

வரைபவர்களுக்குக் காங்கேயம் மாடு வைக்கும் சோதனை இன்னும் நுட்பமானது. கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதத்தில் அது மாறிச் சாம்பலாகும். காளை வளர வளர திமிலும் கழுத்தும் முன்தொடையும் கருத்து இறுகும். காயடித்த எருதுக்கு அந்தக் கருமை வெளுத்துவிடும். ஆகவே ஒரு காங்கேயம் காளையின் படம் அதன் ஒரு வயதின் படமாகத்தான் இருக்க முடியும். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த புகைப்படத்தைக் கொடுத்து வரையச் சொன்னால், வீட்டுக்காரரே "இது நம்ம காளை இல்லையே" என்று சொல்லிவிடுவார்.

இந்த மண்ணில் வளர்ப்பு விலங்கின் உருவத்தைச் செய்து கொடுக்கும் பழைய தொழில் ஒன்று இன்னும் ஓய்ந்துவிடவில்லை. அதற்கு உருவாரம் என்று பேர். மாட்டுக்கு நோய் வந்தாலோ பால் வற்றினாலோ கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, மண்ணில் மாட்டு உருவம் செய்து வைப்பார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கலையொட்டி இப்படி உருவாரங்கள் குவியும். குயவர் கையில் எல்லா மாடும் ஒரே அச்சில்தான் உருவாகும். ஆனால் அதை வாங்கிக்கொண்டு போகிறவர் மனதில் தன் தொழுவத்து மாடு ஒன்றுதான் இருக்கிறது. உருவம் பொது, வேண்டுதல் தனி.

என்ன விலங்கு என்ற முதல் கேள்விக்கும் இங்கே நீண்ட வரலாறு உண்டு. 9-ஆம் நூற்றாண்டுச் சித்தன்னவாசல் தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் எருமையும் யானையும் இருக்கின்றன. திருச்செங்கோட்டு மலைப்படியில் ஏறுகிறவர்கள் நாகர் பள்ளத்தில், பாறையில் 60 அடி நீளத்துக்குச் செதுக்கிய ஐந்து தலை நாகத்துக்குக் குங்குமம் இட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். இவையெல்லாம் சமயத்தோடு சேர்ந்தவை. இனத்தைத் துல்லியமாக எழுத வேண்டும் என்ற நோக்கத்தோடு விலங்குப் படம் பெருகியது 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில்.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆட்சியில் இருந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தில் யானை நூலும் குதிரை நூலும் படங்களோடு இருக்கின்றன. அவருடைய ஓவியர்கள் பறவைகளையும் விலங்குகளையும் மீன்களையும் தாளில் எழுதினார்கள். அந்தப் படங்களில் ஒரு தொகுதி தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டாரினுக்குப் போய், இன்று லண்டனில் இருக்கிறது. கோயில் சுவரிலும் கண்ணாடியிலும் பொன்னிழைத்த பலகையிலும் பழகிய கைகள் இறகை எண்ணத் தொடங்கியது அப்போதுதான்.

அதே நேரத்தில் சென்னையில் ஓர் ஆங்கிலப் பெண்மணி வரைந்துகொண்டிருந்தார். எலிசபெத் க்விலிம். புதிதாக அமைந்த சென்னை உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளில் ஒருவரான ஹென்றி க்விலிமின் மனைவி. 1801-இல் வந்தார், 1807-இல் இங்கேயே இறந்தார். இடையில் கிடைத்த ஆறு ஆண்டுகளில் சென்னையின் கழுகையும் நாரையையும் ஆந்தையையும் கொக்கையும் உயிரோடு இருக்கும் அதே அளவில், பெரிய பெரிய தாள்களில் நீர்வண்ணத்தில் எழுதினார். அமெரிக்கப் பறவைகளின் புகழ்பெற்ற படங்களை ஆடுபான் வெளியிடத் தொடங்கியது 1827-இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலை சென்னையில் நடந்து முடிந்துவிட்டது. பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்த பறவைகளைப் பார்த்து அவர் எழுதினார். அந்தப் பறவை பிடிப்பவர்களின் பேர் படங்களில் இல்லை. இந்த வரலாற்றில் மனதை உறுத்தும் இடம் இதுதான். எந்தப் பறவை எந்த நீர்நிலையில் எப்போது இறங்கும் என்று தெரிந்தவர்கள் அவர்களே. அவர்கள் கை இல்லாமல் ஒரு தாளும் நிறைந்திருக்காது.

பறவையை உயிரோடு பார்த்து எழுதுவதில் ஒரு காரணம் இருக்கிறது. செத்த பறவையின் இறகு நிறம் பல காலம் நிற்கும். கண்ணின் நிறமும், அலகைச் சுற்றியுள்ள தோலின் நிறமும், காலின் நிறமும் சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். பஞ்சடைத்த தோலைப் பார்த்து எழுதுகிறவர் கண்ணுக்கு ஏதோ ஒரு நிறத்தை ஊகித்துத்தான் போட வேண்டும். க்விலிமின் பறவைகள் பார்க்கின்றன, அவற்றின் கண் பொய் சொல்லவில்லை. அந்த 121 ஓவியங்களும் நூறாண்டுக்கு மேல் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1924-இல் கேசி உட் என்ற கண் மருத்துவர் அவற்றை லண்டனில் கண்டெடுத்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசேர்த்தார். க்விலிமின் தங்கை மேரி சைமண்ட்ஸ் எழுதிய மீன் படங்களும் அங்கேதான் இருக்கின்றன.

அடுத்து வந்தவர் டாமஸ் ஜெர்டன். சென்னைப் பட்டாளத்து மருத்துவர். 1843 முதல் 1847 வரை 50 வண்ணப் படங்களோடு தென்னிந்தியப் பறவைகள் பற்றிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். படங்களில் இந்திய ஓவியர்களின் கை இருந்தது. அங்கே கேள்வி இனம் பற்றியது மட்டுமே. ஒரு பறவை தன் இனம் முழுவதற்கும் சாட்சியாகத் தாளில் நிற்கும். அதற்குப் பேர் லத்தீனில்.

இந்த ஓவியங்கள் சேலம் சமவெளிக்காரர் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்க வழியில்லை. இங்கே வீட்டுக்குள் வந்த விலங்குப் படங்கள் துணியோடும் தீப்பெட்டியோடும் வந்தவை. மான்செஸ்டர் ஆலைத் துணிக் கட்டுகளில் வண்ணச் சீட்டு ஒட்டி வரும். எழுத்துத் தெரியாதவரும் அடையாளம் கண்டு கேட்கட்டும் என்று அதில் சாமியோ யானையோ புலியோ அச்சிட்டிருப்பார்கள். பிறகு சிவகாசித் தீப்பெட்டிகள் வந்தன. அவற்றில் சீட்டா ஃபைட் பெட்டி எல்லார் சட்டைப்பையிலும் இருந்தது. ஒரு மனிதன் சிறுத்தையோடு மல்லுக்கட்டும் அந்தப் படத்தைப் புலிகுத்திக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கல்லில் இருந்தது தாளுக்கு இறங்கி வந்ததுபோலத் தோன்றும்.

நெசவுக்காரர்களுக்கு விலங்கை வரைவதில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. சேலைக் கரையில் மயிலோ அன்னமோ வர வேண்டுமானால், முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு இழையும் ஒரு ஊடை இழையும் சந்திக்கும் இடம். நிரப்பிய கட்டங்களைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பார்கள். துளை விழுந்த இடத்தில் இழை மேலே எழும். மயில் கழுத்தின் வளைவு அங்கே படிக்கட்டாக மாறும். எத்தனை கட்டத்துக்கு ஒரு படி இறக்கினால் தூரப் பார்வைக்கு அது மறுபடி வளைவாகத் தெரியும் என்பதுதான் டிசைன்காரரின் திறமை. கண்ணுக்கு ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விடுவார். அந்த ஒரு கட்டம் இடம் மாறினால் மயில் குருடாகிவிடும். குமாரபாளையத்திலும் பவானியிலும் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு, படம் என்பது கட்டத்தில் அடங்கும் என்ற பாடம் பள்ளிக்கூடத்துக்கு முன்பே கிடைத்துவிடும். புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, தாளில் பெரிதாக்கும் முறை அவர்களுக்குப் புதிதே இல்லை.

சுவரில் விலங்கை எழுதும் வேலை தேர்தலோடு வந்தது. காங்கிரஸின் இரட்டைக் காளை 1952 முதல் தெருவுக்குத் தெரு நின்றது. பிறகு பசுவும் கன்றும். 1989 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து நின்றபோது, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சுவர் எழுதுபவர்கள் ஆயிரக்கணக்கில் சேவல் எழுதினார்கள். அரசலாபுரத்துக் கல்லுக்குப் பிறகு தமிழ்நாட்டில் சேவலுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது அந்த ஒரு தேர்தலில்தான். ஏணிமேல் நின்று, கொண்டைக்குச் சிவப்பும் வாலுக்குக் கறுப்பும் இழுத்துப் பழகிய கைகள் பிற்பாடு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிப் பட்டறைகளிலும் வேலை செய்தன. லாரியின் பின்பக்கத்தில் பாயும் குதிரை, முன்னெற்றியில் கழுகு, பக்கவாட்டில் பசுவும் கன்றும். ஸ்டிக்கர் வந்ததும் அந்த வேலை மெலிந்தது. ஃபிளெக்ஸ் பேனர் வந்ததும் சுவர் வேலையும் போயிற்று.

இதே நாமக்கல் மண் பெரிய ஓவியர்களையும் தந்தது. மோகனூரில் 1888-இல் பிறந்த ராமலிங்கம் பிள்ளையை நாடு கவிஞராக அறிந்தது. அதற்கு முன்னால் அவர் உருவப்படம் எழுதிப் பிழைத்தவர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் சாயலைப் பிடிக்கும் கை. 1919-இல் நாமக்கல்லில் பிறந்த சில்பி என்கிற சீனிவாசனைச் சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகத் தூண்டியதும் அவர்தான். சில்பி ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களைக் கோடு கோடாக எழுதியபோது, புகைப்படத்தை நம்பாமல் சிலைக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தார். சாயலுக்கு உண்மையாக இருப்பது, எதிரில் உட்கார்ந்து பார்ப்பது என்ற இரண்டு பாடங்களும் மனித உருவத்தையும் கற்சிலையையும் எழுதியதிலிருந்து வந்தவை. நாய்ப் படம் எழுதும் பிள்ளைக்கும் அவையே பாடம்.

இரண்டு கேள்விகளையும் ஒரே ஆளாகக் கையில் எடுத்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்தவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-இல் தொடங்கிய அவருடைய பத்தி 1996-இல் அவர் இறக்கும்வரை நிற்கவில்லை. கூடவே அவரே எழுதிய மைக்கோட்டுப் படங்களும் வந்தன. காட்டு யானையையும் எழுதினார், ஊரில் திரியும் பிராணிகளையும் எழுதினார். எந்த விலங்கானாலும் அது எப்படி நிற்கிறது, எதைப் பார்க்கிறது, காதை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது என்பது நாலைந்து கோட்டில் வந்துவிடும். தமிழிலும் காட்டைப் பற்றி எழுதினார். இனத்தின் இலக்கணத்தை நன்றாக அறிந்தவருக்கு மட்டுமே ஒரு தனி விலங்கு எந்த இடத்தில் அந்த இலக்கணத்திலிருந்து விலகுகிறது என்று தெரியும் என்பதற்கு அவர் படங்களே சாட்சி.

அரசும் நம் விலங்குகளுக்குப் படம் எடுத்தது. 2000-இல் வெளிவந்த நாட்டு மாட்டு அஞ்சல்தலைகளில் காங்கேயம் இருந்தது. 2005-இல் நாய் இனங்களுக்கான அஞ்சல்தலைகளில் ராஜபாளையம் இருந்தது. இனத்துக்குக் கிடைத்த பெருமை அது. பேருக்கான மரியாதை வேறு வழியில் திரும்பி வந்தது. 2017-இல் ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் வந்தபிறகு, காளைகளின் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சிட்ட பேனர்கள் ஊருக்கு ஊர் எழுந்தன. காளையின் பேர், ஊர், வளர்ப்பவரின் பேர் எல்லாம் அதில் இருக்கும். கருவந்துறைக் கல்லில் விடுபட்டுப்போன காளையின் பேர் ஐந்நூறு ஆண்டு கழித்துப் பேனரில் ஏறியது.

குமாரபாளையத்து மேசைக்குத் திரும்பலாம். செல்போன் படத்தில் ஒரு குறை இருக்கிறது. பாசத்தில் கிட்டக் கொண்டுபோய் எடுப்பதால் நாயின் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழுந்திருக்கும். அப்படியே எழுதினால் படம் புகைப்படத்துக்குத்தான் உண்மையாக இருக்கும், நாய்க்கு இருக்காது. அதனால் அனுபவம் உள்ளவர் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றும், தூரத்திலிருந்து எடுத்தது ஒன்றும் கேட்டு வாங்குவார். முதலில் கண்ணை முடிப்பார். கருவிழியில் வெளிச்சம் விழும் வெள்ளைப் புள்ளியைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டு, சுற்றிலும் பழுப்பைக் கட்டுவார். பிறகு மயிர். மயிர் வளரும் திசையில்தான் பென்சில் போக வேண்டும். மூக்குத் தண்டில் மேல்நோக்கி, கன்னத்தில் பின்நோக்கி, நெஞ்சில் சுழித்து. மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கும் கிழவரின் விரலும் இந்தப் பென்சிலும் போகும் பாதை ஒன்றே. கறுப்பு நாய்தான் இருப்பதில் கஷ்டம். வெறும் கறுப்பைப் போட்டு நிரப்பினால் தாளில் ஓட்டை விழுந்ததுபோல ஆகிவிடும். வெயில் படும் இடத்தில் நீலமும் நிழலில் அடர்பழுப்பும் சேர்த்தால்தான் உடம்பு எழுந்து வரும்.

இப்படிக் கேட்டு வருகிறவர்களில் பலருடைய பிராணி ஏற்கெனவே போய்விட்டிருக்கும். அதைக் குரல் பதிவின் கடைசியில்தான் சொல்வார்கள். புதிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல முடியாது. இருக்கிற மங்கலான இரண்டு படங்களும், அவர்கள் வாயால் சொல்லும் அடையாளங்களும்தான். நெஞ்சு வெள்ளை, மடங்கிய காது, ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கும் பழக்கம். கண் முடிந்து, மயிர் முடிந்து, மீசை ரோமங்களைக் கூர்முனையால் கீறி எடுத்தபின், வரைபவர் ஒரு கேள்வி கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவார்: பேரைத் தமிழில் எழுதட்டுமா, கீழே வலது ஓரத்திலா? பெரும்பாலும் அந்த நிமிடமே பதில் வந்துவிடும், கூடவே பேரும்.